ஓய்வு யாருக்கு?

அறுபது வயதைக் கடந்த ஒருவருடைய காலைப்பொழுது யாருக்குச் சொந்தம்? அவருக்கா, அவருடைய பேரக்குழந்தைக்கா? கேட்பதற்கு எளியதாய்த் தோன்றும் இக்கேள்வி, இன்று தாம்பரம் வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் வாய்விட்டுச் சொல்லப்படாத மனத்தாங்கலாகக் குடியிருக்கின்றது. இதைக் குடும்பச் சச்சரவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சற்று நின்று நோக்கினால், கடமை, அன்பு, நீதி, ஓய்வு என்னும் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அறச்சிக்கல் இது என்பது விளங்கும்.

சிட்லபாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் வயல்களுக்கு நீர் பாய்ச்சிய ஏரி அந்த ஊருக்கு உண்டு. வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின, ஏரியோ ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் குப்பையாலும் சுருங்கிப் போயிற்று. சென்னை குடிநீருக்குத் தவித்த 2019ஆம் ஆண்டில், அந்த ஊர் மக்கள் தாங்களே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி ஏரியைத் துப்புரவு செய்தனர். அதே ஆண்டில் தமிழக அரசும் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்று கரையில் நடைபாதை இருக்கின்றது. நீர்க்காகமும் முக்குளிப்பானும் கொக்கும் கண்ணுக்குத் தென்படுகின்றன. விடியற்காலையில் பணி ஓய்வு பெற்றோர் பலர் அங்கே நடக்கின்றனர். சிலர் தனியே செபமாலை உருட்டியபடி நடப்பர். சிலர் நண்பரோடு நாட்டு நடப்பை அலசியபடி நடப்பர். இன்னும் சிலர் கையில் தொலைநோக்கியோடு நீரையே பார்த்து நிற்பர். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மின்தொடர் வண்டியில் நின்றபடியே கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் போய் வந்தவர்களுக்கு, விடியலை நிதானமாகப் பார்ப்பது என்பதே வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த வரம்.

அதே வேளையில் அவர்கள் விட்டுவந்த வீட்டில் நடப்பது வேறு. மகனும் மருமகளும், அல்லது மகளும் மருமகனும், பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களுக்குப் புறப்பட வேண்டும். பள்ளி வண்டி ஏழரைக்கு வந்துவிடும். குழந்தையை எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், சீருடை அணிவிக்க வேண்டும். ஏரிக்கரை ஒரு பக்கம் அழைக்கிறது. குழந்தையின் குரல் மறுபக்கம் அழைக்கிறது. எதற்குச் செவிசாய்ப்பது?

புதிய காலத்துச் சிக்கல்

நம் முன்னோர்க்கு இச்சிக்கல் இருந்ததில்லை. உழவுத்தொழில் செய்த பாட்டனாருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று குறிக்கப்படவில்லை. உடல் தளரத் தளர வேலை குறைந்தது, அவ்வளவே. அவர் வரப்புக்குப் போனால் பேரனும் தோளில் ஏறிப் போனான். மாட்டைக் குளிப்பாட்டுவதும் பேரனை நீராட்டுவதும் ஒரே குளத்தில் நடந்தன. வெளியுலகமும் வீட்டுக் குழந்தையும் இரு வேறு திசைகளில் இருக்கவில்லை.

மாதச் சம்பளம் வந்தபோது ஓய்வும் ஒரு தேதியாக வந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு நெடுங்காலம் 58ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கின்றது. அக்காலத்துச் சராசரியைக் குழந்தை இறப்பு மிகவும் கீழே இழுத்தது உண்மையே. ஆயினும் அறுபதுக்குப் பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் நல்ல உடல்நலத்தோடு வாழ்வோர் இத்தனை பேர் முன்பு இருந்ததில்லை. வாழ்வின் கடைசிப் பக்கமாக இருந்தது, ஒரு தனி அதிகாரமாகவே வளர்ந்துவிட்டது.

மறுபக்கத்தில் இளம் தம்பதியரின் நெருக்கடியையும் நாம் குறைத்து எண்ணலாகாது. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் பணித்தது. நல்ல சட்டமே. ஆனால் 26 வாரம் முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பச்சிளங்குழந்தையை யார் கையில் கொடுப்பது? நம்பிக்கையான காப்பகம் எல்லா இடத்திலும் இல்லை. இருந்தாலும் எல்லாராலும் கட்டணம் செலுத்த இயலாது. வீட்டுக் கடனின் மாதத் தவணை ஒரு சம்பளத்தில் அடங்குவதில்லை. ஆகவே கைகள் இயல்பாகவே தாத்தா பாட்டியை நோக்கி நீளுகின்றன. நீளுவதில் தவறில்லை. அக்கைகள் வேண்டுகின்றனவா, உரிமை கொண்டாடுகின்றனவா என்பதே கேள்வி.

கடனா, கொடையா?

இங்கே இரு தரப்பு வாதங்களை நாம் கேட்கிறோம். ஒரு தரப்பு சொல்கிறது: "பிள்ளைகளை வளர்த்தோம், படிக்கவைத்தோம், மணமுடித்துக் கொடுத்தோம். எங்கள் கடன் தீர்ந்தது. இனி எங்கள் நாள்களை எங்களுக்கு விடுங்கள்." மறு தரப்போ, "பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதைவிட இந்த வயதில் வேறு என்ன வேலை? நடையும் பறவையும் மலையேற்றமும் பொறுப்பற்றவர்களின் பொழுதுபோக்கு" என்கிறது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டிலும் பாதிப் பிழையும் உண்டு.

குழந்தையை வளர்க்கும் பொறுப்பு முதன்மையாக யாருடையது என்பதில் திருச்சபைக்கு ஐயமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று தெளிவாகக் கூறியது. புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு கடனைப் பற்றிப் பேசுகிறார். கைம்பெண்ணுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால், தங்களைப் பேணியவர்களுக்குக் கைம்மாறு செய்ய அவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் அறிவுரை. அக்கடன் செல்லும் திசையைக் கவனியுங்கள். பேரனிடமிருந்து பாட்டியை நோக்கிச் செல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென நம் நாட்டில் 2007இல் இயற்றப்பட்ட சட்டமும் அவ்வாறே. வயதுவந்த பேரப்பிள்ளைகளும் முதியோரைப் பேணக் கடமைப்பட்டவர்கள் என்கிறது அது. முதியோர் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

ஆகவே தாத்தா பாட்டி தரும் பராமரிப்பு கடன் அன்று, அது கொடை. கொடை என்பதனால்தான் அதற்கு மதிப்பு. கொடுப்பவர் மறுக்கவும் உரிமையுள்ள இடத்தில்தான் கொடை என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. "அம்மாவுக்கு வேறென்ன வேலை?" என்று மகன் சொல்லும் நொடியில் அவன் ஒரு கொடையைக் கூலியில்லா வேலையாக மாற்றிவிடுகிறான்.

ஆனால் முதல் தரப்பாரும் இத்துடன் மனநிறைவு கொள்ள முடியாது. கொடை கடனன்று, ஆயினும் வாக்குறுதி கடனாகும். பள்ளி விட்டதும் நான் வந்து நிற்பேன் என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லிவிட்டால், அந்த மூன்றரை மணி நமக்குச் சொந்தமில்லை. குழந்தைக்கு ஓய்வூதியமும் தெரியாது, உரிமையும் தெரியாது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டுமே தெரியும். நண்பர்கள் திடீரென்று வண்டலூர்ப் பக்கம் கிளம்புகிறார்கள் என்பதற்காக அந்த வாசலை வெறுமையாய் விடுவது நீதியாகாது.

பேரக்குழந்தை நம்மிடம் பெற்றுக்கொள்வது மட்டும்தானா? ரூத்து நூலின் இறுதியில் வரும் நகோமியை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்தாள், இரு மகன்களை இழந்தாள். தன் பெயரையே கசப்பு என்று மாற்றி அழைக்கச் சொன்னாள். அவள் மடியில் ஓபேது வைக்கப்பட்டபோது அண்டை வீட்டுப் பெண்கள் நகோமிக்கே மகன் பிறந்ததாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். அக்குழந்தை அவள் உயிரை மீட்டான் என்றார்கள். நகோமி குழந்தையைத் தாங்கியதைப் போலவே குழந்தையும் நகோமியைத் தாங்கியது. தனிமை என்னும் நோய் பரவிவரும் இக்காலத்தில், மடியில் ஒரு குழந்தை இருப்பது எத்தகைய மருந்து என்பதை அம்மருந்து கிட்டாதவர்களே அறிவர்.

ஏரிக்கரை வெறும் பொழுதுபோக்கா?

அப்படியாயின் வெளியே செல்வது தன்னலம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டும் இளைப்பாறுதலும் பற்றித் தனியாகவே விவாதிக்கிறார். அவற்றில் மிகுதி குற்றமாவது போலவே குறைவும் குற்றமாகலாம் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் துறவியர் மரபிலிருந்து ஒரு பழங்கதையையும் எடுத்தாள்கிறார். நற்செய்தியாளரான யோவான் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறல் பட்டனர். அவர் அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்த பிறகு, இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனிதர் உள்ளமும் அவ்வாறே என்றார் யோவான். இதே கதையை முன்னதாக எழுதிவைத்த யோவான் கசியன் என்னும் துறவி, அப்போது யோவானின் கையில் ஒரு கௌதாரி இருந்ததாகவும் அவர் அதை மெல்லத் தடவிக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறார். முதிய திருத்தூதர் ஒருவர் பறவையோடு பொழுதைக் கழித்த இச்சித்திரம், ஏரிக்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

இன்னும் உயர்ந்த எடுத்துக்காட்டு நம் ஆண்டவரே. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், இருள் பிரியுமுன்னரே எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் இறைவேண்டல் செய்கிறார் இயேசு. சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கின்றனர். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடப்படுவது ஒன்றினாலேயே ஒருவர் தம் விடியலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் அதே நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உண்ணவும் நேரமின்றித் தவித்த சீடரைத் தனிமையான இடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்துச் செல்கிறார். மக்களோ கரைவழியாக ஓடி அவர்களுக்கு முன்னரே அங்கு வந்து நிற்கின்றனர். ஆயனில்லா ஆடுகளைப் போல இருந்த அவர்களைக் கண்டதும் இயேசு பரிவு கொள்கிறார், ஓய்வு தள்ளிப்போகிறது. ஐயாயிரம் பேர் உண்டு முடித்த பின் என்ன நடந்தது என்பதையும் மாற்கு மறவாமல் எழுதியிருக்கிறார். கூட்டத்தை அனுப்பிவிட்டு அவர் மலைக்கு ஏறிப்போய் இறைவேண்டல் செய்தார். ஓய்வு தள்ளிப்போயிற்றே ஒழிய, தள்ளுபடி ஆகவில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காக ஒரு வாரம் நடையை விட்டவர் அடுத்த வாரம் ஏரிக்கரைக்குப் போவது இந்த நற்செய்திக்கு இசைந்த செயலே.

கணக்கில் வராத ஒருவர்

இதுவரை நாம் 'முதியோர்', 'தாத்தா பாட்டி' என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்லி வந்தோம். இனி அவ்வாறு சொல்ல முடியாது. ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். கற்பனை இல்லமே, ஆனால் வாசகர்களுக்கு அறிமுகமானதாகத் தோன்றக்கூடும். கணவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் ஓய்வுக்கான பிரிவு உபசார விழா நடந்தது. மாலையும் நினைவுப்பரிசும் கிடைத்தன. விடிகாலையில் கணவர் காலணியை மாட்டியபடி சொல்கிறார்: "நீயும் வாயேன், ஏரிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்." அடுப்படியிலிருந்து பதில் வருகிறது: "நான் வந்துட்டா பிள்ளைக்கு யாரு சாப்பாடு கட்டறது? நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

அவர் அன்போடுதான் அழைத்தார். அவளும் கோபத்தோடு மறுக்கவில்லை. ஆயினும் இந்தச் சிறு உரையாடலில்தான் நம் சிக்கலின் வேர் இருக்கிறது. ஓய்வுக்காலத்தில் வெளியுலக நாட்டத்தையும் பேரக்குழந்தையையும் எப்படிச் சமன் செய்வது என்று பெரும்பாலும் கேட்பவர் தாத்தாவே. பாட்டிக்கு அக்கேள்வி எழுவதேயில்லை. ஏனெனில் சமன் செய்வதற்குத் தராசின் மறுதட்டில் வைக்க அவளுக்கென்று ஒரு காலைப்பொழுது இல்லை. அவர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவளோ பள்ளியிலிருந்து மட்டுமே ஓய்வு பெற்றாள். அடுப்படியிலிருந்து ஓய்வு பெறும் வயதை எந்த அரசாணையும் இதுவரை குறிக்கவில்லை.

இது மிகைக்கூற்று அன்று. மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நடுவண் அரசின் புள்ளியியல் துறை 2024இல் நாடு முழுவதும் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிட, ஆண்கள் செலவிட்டது 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒரு பக்கம். ஒன்றரை மணி நேரம் மறுபக்கம். நம் தெருவுக்கும் நம் வீட்டுக்கும் இக்கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வைப் பற்றி இறைவன் கொடுத்த சட்டத்தை இங்கே நினைவுகூர்வது தகும். ஓய்வுநாள் கட்டளை இணைச்சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்லப்படும்போது, நீ ஓய்ந்திரு என்பதோடு அது நிற்கவில்லை. மகனும் மகளும், அடிமையும் அடிமைப்பெண்ணும், மாடும் கழுதையும், உன் ஊரில் தங்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. காரணத்தையும் கூறுகிறது: உன் அடிமைகளும் உன்னைப் போலவே ஓய்வு பெற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதை மறவாதே. அந்தப் பட்டியலில் மனைவி என்னும் சொல் தனியே இல்லை. 'நீ' என்பதில் இல்லத் தலைவியும் அடங்குவாள் என்று உரையாசிரியர் சொல்வர். நல்லது. ஆனால் நம் இல்லங்களில் 'நீ ஓய்ந்திரு' என்னும் சொல் அவள் காதில் விழுந்திருக்கிறதா?

அக்கட்டளையிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுதான்: பிறர் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஓய்வு, ஓய்வே அன்று. கழுதைக்கும் மாட்டுக்கும் ஓய்வு கேட்ட இறைவன், நாற்பது ஆண்டு உடன்வாழ்ந்த துணைவிக்கு ஓய்வு கேளாமல் இருப்பாரா? ஏரிக்கரையில் ஒருவர் எத்தனை சுற்று நடந்தார் என்பது உடல்நலத்தின் கணக்கு. அவர் நடந்த அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யார் கால் கடுக்க நின்றார் என்பது அறத்தின் கணக்கு.

இந்த அளவுகோல் இளையோருக்கும் பொருந்தும். கணவனும் மனைவியும் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் களைப்பு தீரத் தூங்குகிறார்கள். ஆறு நாளும் குழந்தையைப் பார்த்த பாட்டியே ஏழாம் நாளும் பார்க்கிறாள். அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள், பேறுகாலத்துக்கென ஆறு மாத விசாவில் தாயை வரவழைக்கிறார்கள். அந்த ஊர்ப் பனியில் வெளியே கால் வைக்க முடியாமல், பேச ஒருவருமின்றி, நான்கு சுவர்களுக்குள் குழந்தையும் அடுப்புமாக இருந்து திரும்புகிற தாய்மார்கள் நம் பங்குகளில் பலர். அன்பினால்தான் போனார்கள், மகிழ்ந்துதான் பார்த்துக்கொண்டார்கள். எனினும் அங்கே ஒரு பூங்காவுக்கு, ஓர் ஆலயத்துக்கு, வாரத்தில் ஒருநாள் அவர்களை அழைத்துச் சென்றோமா என்று பிள்ளைகள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல்

சிக்கலுக்கு எளிய தீர்வாகப் பலர் சொல்வது, குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள் என்பது. நல்ல யோசனைதான். இதற்கு அழகிய முன்மாதிரியும் சென்னையிலேயே உண்டு. தமிழின் முதல் நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைப் பற்றி எழுதியும் வரைந்தும் படமெடுத்தும் வாழ்ந்தவர். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய தம் இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். யானைகளின் பின்னே காடுகாடாய் அலைந்த அந்த மனிதர், முதுமையில் தம் பேத்திக்காக ஆங்கில எழுத்துகளின் வரிசையில் விலங்குகளைப் பற்றிப் பாக்கள் எழுதி, தாமே படங்களும் வரைந்து கொடுத்தார். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் அது நூலாகவும் வெளிவந்தது. காடு அவரைப் பேத்தியிடமிருந்து பிரிக்கவில்லை. பேத்திக்குக் கொடுக்க அவரிடம் ஏதேனும் இருந்தது என்றால், அது காடு கொடுத்ததே.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. வெளியே போய்ப் பார்த்து வியந்து திரும்பாத தாத்தா, குழந்தைக்கு எதைக் கொடுப்பார்? தொலைக்காட்சியின் இயக்கியையும் கைப்பேசியையும்தான். சிட்லபாக்கத்துக் குழந்தைக்கு ஏரி நடக்கும் தொலைவில் இருக்கிறது. சிறிது தூரத்தில் நன்மங்கலம் காப்புக்காடு. கைவிடப்பட்ட கல்குவாரிகளில் கொம்பன் ஆந்தை வாழும் இடம் அது. 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணையும் பக்கத்திலேயே. முக்குளிப்பான் நீரில் மூழ்கிய இடத்தையும் எழுந்த இடத்தையும் விரல்நீட்டிக் காட்டும் தாத்தா, படைத்தவரின் கைவேலையைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்று சொல்லாமலே கற்பிக்கிறார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் நம்மிடம் கேட்பதும், பூமியை வியப்போடு நோக்கும் இந்தக் கண்களைத்தான். தம் பாட்டி ரோசாவிடமிருந்தே நம்பிக்கையைக் கற்றதாக அவர் பலமுறை நன்றியோடு சொன்னதுண்டு. திமொத்தேயுவின் நம்பிக்கையும் பாட்டி லோயியிடம் தொடங்கியது என்பது நாமறிந்ததே.

ஆயினும் எல்லா நாளும் குழந்தையோடுதான் போக வேண்டும் என்பதில்லை. நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்க முடியாது. மனத்தை ஒருமுகப்படுத்தவும் முடியாது. முதுமைக்குத் தனிமையும் தேவை. கடந்துபோன ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கவும், மன்னிக்கவும், மன்னிப்புக் கேட்கவும், இறுதி நாளுக்கு உள்ளத்தை ஆயத்தப்படுத்தவும் அமைதியான ஒரு பொழுது வேண்டும். அது குழந்தையிடமிருந்து திருடிய நேரம் அன்று. அந்த அமைதி வாய்த்தவர் வீடு திரும்பும்போது குழந்தைக்குச் சிடுசிடுப்பில்லாத முகம் ஒன்று கிடைக்கிறது.

எனவே செய்யத்தக்கது என்ன? குடும்பத்தார் அனைவரும் ஒருநாள் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுவது. வாரத்தில் எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் தாத்தா பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்வர் என்று அவர்களே சொல்லட்டும். சொன்ன நேரத்தை அவர்கள் மீறவேண்டாம். சொல்லாத நேரத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்று நாள் காலையில் பாட்டி ஏரிக்கரைக்கோ ஆலயத்துக்கோ தோழியரோடோ போக, தாத்தா தோசை வார்த்துக் குழந்தைக்குத் தலைவாரிவிடட்டும். அறுபத்தைந்து வயதில் தலைவாரக் கற்பது கடினந்தான். குழந்தை முதல் வாரம் அழும். மூன்றாம் வாரம் சிரிக்கும். மகனும் தன் பங்கை ஏற்கட்டும். இயன்ற குடும்பங்கள் காப்பகத்துக்கோ உதவியாளுக்கோ செலவழிக்கத் தயங்க வேண்டாம். பங்குகளும் இதில் உதவலாம். மாலை நேரத்தில் ஆலய வளாகத்தில் குழந்தைகள் பாதுகாப்பாக விளையாட ஓர் இடமும், அவர்களை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளச் சிலரும் இருந்தால், பல பாட்டிமார்கள் சற்று மூச்சுவிடுவர். தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தினார். சுவக்கீம், அன்னா விழாவை ஒட்டி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகின்றது. அன்று மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், அடுத்த நாள் திங்கட்கிழமை காலையில் அடுப்படியில் நிற்பவர் யார் என்று கேட்டால், அவ்விழா பொருளுடையதாகும்.

இவை எல்லாம் சில ஆண்டுகளுக்கு மட்டுமே என்பதையும் மறக்கலாகாது. பள்ளி வாசலில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தை, பத்து ஆண்டுகளில் தாத்தாவை அழைத்துவர வேண்டாம் என்று நண்பர்கள் முன் வெட்கப்படும். முழங்காலும் அதே பத்தாண்டுகளில் ஏரியைச் சுற்றிவர மறுக்கும். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் மெல்ல மூடிக்கொண்டு வருகின்றன. மூடுமுன் இரண்டின் வழியாகவும் செல்ல முதியோர் இருவருக்கும் உரிமை உண்டு.

இறைவாக்கினர் செக்கரியா, மீண்டும் எழப்போகும் எருசலேமைத் தம் நூலின் எட்டாம் அதிகாரத்தில் காட்சியாகக் காண்கிறார். நகரின் தெருக்களில் வயது முதிர்ந்தோர் கையில் கோலோடு அமர்ந்திருக்கிறார்கள். அதே தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கின்றன. முதுமையும் குழந்தைமையும் வெளியே, வெயிலும் காற்றும் படும் இடத்தில், ஒன்றாய் இருப்பதே இறைவன் மீட்டெடுத்த நகரின் அடையாளம். அக்காட்சியில் நம் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய ஒன்றையும் இறைவாக்கினர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அங்கே அமர்ந்திருப்பவர்கள் முதியவர்கள் மட்டுமல்லர். மூதாட்டியரும் தெருவில் அமர்ந்திருக்கிறார்கள்.